கொசுவுக்கும் போதாத துளி

மதுமேகம் என்னும் நீரிழிவு வியாதியை நம் நாட்டு ஆயுர்வேத ஆசிரியர்கள் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே அறிந்திருந்தார்கள். அதைக் கண்டுபிடிப்பதற்கு அவர்களிடம் பரிசோதனைக் குழாயும் இல்லை. மின்சாரப் பெட்டியும் இல்லை. நோயாளியின் சிறுநீரை எறும்புகள் வந்து மொய்க்கின்றனவா என்று பார்த்தார்கள். மொய்த்தால் மதுமேகம் என்று தீர்மானித்தார்கள். இதைக் கேட்டு இன்று கல்லூரியில் படிக்கும் பிள்ளைகள் சிரிக்கலாம். ஆனால் சிரிப்பதற்கு முன் சற்று யோசிக்க வேண்டும். சர்க்கரையை மற்ற எந்த வஸ்துவிலிருந்தும் பிரித்தறியும் சக்தி எறும்புக்கு இயற்கையாகவே அமைந்திருக்கிறது. மனிதன் அந்தச் சக்தியை எறும்பிடமிருந்து இரவல் வாங்கிக் கொண்டான். உயிருள்ள ஒன்று உணர்கிறது. மனிதன் அந்த உணர்ச்சியைப் பார்த்துப் படித்துக் கொள்கிறான்.

இன்று விஞ்ஞானிகள் "பயோஸென்ஸார்" என்று பெரிய பெயர் சூட்டியிருக்கும் கருவியின் தத்துவமும் ஏறக்குறைய இதுதான். உயிர்ப்பொருள் ஒன்றை எடுத்து, அதன் உணர்ச்சியை யந்திரத்துக்குப் புரியும்படி மாற்றித் தருவதே பயோஸென்ஸார். எறும்புக்குப் பதிலாக நொதி என்னும் பொருள் இருக்கிறது. பார்க்கும் கண்ணுக்குப் பதிலாக மின்சாரம் இருக்கிறது. அவ்வளவே வித்தியாசம். ஆனால் அந்த நொதியையும் மின்சாரத்தையும் ஒன்றோடொன்று பேச வைப்பதற்குள் விஞ்ஞானிகளுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. அவ்விரண்டுக்கும் இடையே கம்பி இழுத்துக் கொடுத்த ஒரு ரஸாயன எஞ்சினீயரிங் பேராசிரியரைப் பற்றியே இந்த வாரம் எழுதப் புகுந்தேன். அவர் பெயர் ஆடம் ஹெல்லர். அமெரிக்காவில் டெக்ஸாஸ் மாகாணத்தின் ஆஸ்டின் நகரத்து ஸர்வகலாசாலையில் பணி புரிந்தவர்.

விரல் நுனியின் கஷ்டம்

முதலில் அந்தக் கம்பி எதற்காக வேண்டியிருந்தது என்று பார்ப்போம்.

எறும்புக்குப் பின் மேல்நாட்டில் நாக்கு வந்தது. பதினேழாம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் வாழ்ந்த தாமஸ் வில்லிஸ் என்ற வைத்தியர் நோயாளியின் சிறுநீரைத் தாமே சுவைத்துப் பார்த்து, அது தேன் போல் இனிக்கிறது என்று எழுதி வைத்தார். வைத்தியத் தொழிலில் உள்ள தியாகங்களில் இதையும் ஒன்றாகச் சேர்த்துக் கொள்ள வேண்டியதுதான். பிறகு இருபதாம் நூற்றாண்டில் பெனிடிக்ட் திரவம் வந்தது. நீல நிறமான அந்தத் திரவத்தில் சில சொட்டுச் சிறுநீரை விட்டுக் காய்ச்சினால், சர்க்கரையின் அளவுக்குத் தக்கபடி அது பச்சையாகவும், மஞ்சளாகவும், செங்கல் நிறமாகவும் மாறும். பள்ளிக்கூட ஆராய்ச்சிசாலையில் இதை எத்தனை முறை செய்து காட்டினாலும் மாணவர்கள் கண் கொட்டாமல் பார்ப்பார்கள்.

ஆனால் சிறுநீர்ப் பரிசோதனையில் ஒரு பெருங்குறை உண்டு. இரத்தத்தில் சர்க்கரை ஒரு டெஸிலிட்டருக்குச் சுமார் 180 மில்லிகிராமைத் தாண்டிய பிறகுதான் மூத்திரப் பைக்கு மேலே உள்ள சிறுநீரகங்கள் அதை வெளியே விடத் தொடங்கும். குளம் நிரம்பிக் கரை வழிந்த பிறகு தண்ணீர் வந்துவிட்டது என்று சொல்லுவது போன்ற சமாசாரம் இது. மேலும், இரத்தத்தில் சர்க்கரை அளவுக்கு மீறிக் குறைந்து போனால் நோயாளி மயங்கி விழுவான். உயிருக்கே ஆபத்து நேரலாம். அந்தக் குறைவைச் சிறுநீர் ஒரு நாளும் காட்டாது. ஆகவே இரத்தத்தையே பார்க்க வேண்டியதாயிற்று.

பார்ப்பதனால் என்ன பிரயோஜனம் என்று கேட்டால், அதற்கு 1993-ம் வருஷத்தில் தீர்க்கமான விடை கிடைத்தது. அமெரிக்காவிலும் கானடாவிலுமாக 29 மருத்துவ நிலையங்களில், 1,441 நோயாளிகளை வைத்து, 1983-ல் தொடங்கிப் பத்து வருஷம் நடந்த பெரும் பரிசோதனையின் முடிவு அவ்வருஷம் வெளியாயிற்று. ஒரு சாரார் பழைய வழக்கப்படி வைத்தியம் செய்து கொண்டார்கள். மற்றொரு சாரார் தினம் நாலு தடவையாவது இரத்தத்தைப் பரிசோதித்து, அதற்குத் தக்கபடி இன்ஸுலின் போட்டுக் கொண்டார்கள். இந்த இரண்டாவது கூட்டத்தாருக்குக் கண் கெடும் அபாயம் 76 சதவிகிதம் குறைந்தது. சிறுநீரகம் கெடுவது 50 சதவிகிதமும், நரம்பு கெடுவது 60 சதவிகிதமும் குறைந்தன. அடிக்கடி அளந்து பார்த்துக் கொள்கிறவன் தன் கண்ணைக் காப்பாற்றிக் கொள்கிறான் என்பது சந்தேகமறத் தெளிவாயிற்று.

ஆனால் அளந்து பார்ப்பது லேசான காரியமா? ஒவ்வொரு தடவையும் விரல் நுனியில் ஊசி குத்த வேண்டும். உடம்பு முழுவதிலும் நரம்பு நுனிகள் நெருங்கிக் கிடக்கும் இடங்களில் அதுவும் ஒன்று. உலகத்தைத் தொட்டறிவதற்காக இயற்கை வைத்த இடம் அது. அதிலே நாலு குத்து. அடுத்த நாள் மீண்டும் நாலு. வருஷத்துக்கு 1,460 குத்து! எட்டு வயதுக் குழந்தை ஒன்றுக்கு இந்த வியாதி வந்துவிட்ட வீட்டை நினைத்துப் பாருங்கள். தூங்குகிற குழந்தையின் கையைத் தாயார் மெதுவாக எடுத்து, அது விழித்து அழுவதற்குள் குத்தி முடிக்க வேண்டும். பெரியவர்களோ வலிக்குப் பயந்து, "இன்று நன்றாகத்தானே இருக்கிறது, நாளைக்குப் பார்த்துக் கொள்ளலாம்" என்று தள்ளிப் போடுவார்கள். அந்த நாளைகள் சேர்ந்து சேர்ந்து ஒரு நாள் கண்ணிலே வந்து நிற்கும். ஆகவே வலி என்பது இங்கே வெறும் அசௌகரியம் அன்று. பார்வைக்கும் குருட்டுத்தன்மைக்கும் இடையே நிற்கும் தடை அது.

நொதியும் மின்சாரமும்

வெங்காயத்தை உரிக்கும்போது மேல் தோலுக்கு அடியில் கரி தூவினாற்போல் கறுப்புப் பூசணம் இருப்பதை நம் வீட்டுப் பெண்மணிகள் எல்லோரும் பார்த்திருப்பார்கள். அஸ்பெர்ஜில்லஸ் நைஜர் என்பது அதன் சாஸ்திரப் பெயர். இந்தப் பூசணத்திலிருந்துதான் குளுக்கோஸ் ஆக்ஸிடேஸ் என்னும் நொதியை எடுக்கிறார்கள். அது குளுக்கோஸ் சர்க்கரையைக் கண்டால் உடனே பற்றிக்கொண்டு, அதிலிருந்து இரண்டு எலெக்ட்ரான்களைப் பிடுங்கிவிடும். மற்றச் சர்க்கரைகளைப் பெரும்பாலும் ஏறெடுத்தும் பாராது. எறும்பை விடத் தேர்ந்த நாக்கு அதற்கு!

இந்த நாக்கை மின் கருவியோடு முதலில் சேர்த்துக் காட்டியவர் அமெரிக்காவிலிருந்த லீலண்ட் க்ளார்க். 1962-ல் அவரும் அவருடைய சகா லயன்ஸும் அந்த முறையை வெளியிட்டார்கள். நொதி தான் பிடுங்கிய எலெக்ட்ரான்களை ஆக்ஸிஜனிடம் கொடுத்துவிடும். எவ்வளவு ஆக்ஸிஜன் செலவாயிற்று என்று பார்த்துச் சர்க்கரையைக் கணக்கிட வேண்டும். இது சுற்று வழி. ஆக்ஸிஜன் குறைந்த இடத்தில், உதாரணமாகத் தோலுக்கு அடியில், கணக்கு தவறிப் போகும். 1984-ல் இங்கிலாந்து விஞ்ஞானிகள் வேறொரு உபாயம் கண்டார்கள். பெரோஸீன் என்னும் சிறு ரஸாயனப் பொருளைப் பரிசல் போல் விட்டு, நொதியிடமிருந்து எலெக்ட்ரான்களை ஏற்றி மின்முனையில் கொண்டு போய் இறக்கச் செய்தார்கள். அதை வைத்துப் பேனா அளவான கருவி ஒன்று 1987-ல் கடைக்கு வந்தது. அருமையான வேலைதான். ஆனால் பரிசல்கள் கட்டுத்தறி இல்லாமல் மிதப்பவை. ஒரு முறை உபயோகித்து எறிந்துவிடும் பட்டையில் அதனால் பாதகமில்லை. தோலுக்கு அடியில் நாள் கணக்கில் வைத்தாலோ, அவை உடம்புக்குள் மிதந்து போய்விடுமே!

ஹெல்லர் இந்த இடத்தில்தான் உள்ளே நுழைந்தார். நொதி என்பது ஒரு பெரிய புரதப் பந்து. சர்க்கரையைப் பிடிக்கும் இடம் அந்தப் பந்தின் ஆழத்தில், கோட்டைக்குள் கருவூலம் போல், இருக்கிறது. அங்கிருந்து எலெக்ட்ரான் வெளியே தாண்டி வர முடியாது, தூரம் அதிகம். நியூ ஜெர்ஸியிலுள்ள பெல் ஆராய்ச்சிசாலையில் இருந்த ஹெல்லரும், அவருடைய சகா யினோன் டெகானியும் 1987-ல் அந்தக் கோட்டை மதிலின் உள்ளேயே படிக்கட்டுகள் போலச் சில ரஸாயனத் துணுக்குகளைப் பதித்து, எலெக்ட்ரானை நேரே மின்முனைக்கு வரவழைத்துக் காட்டினார்கள். அடுத்த வருஷம் ஹெல்லர் ஆஸ்டின் ஸர்வகலாசாலைக்குப் பேராசிரியராகச் சென்றார். அங்கே பிரையன் க்ரெக் என்பவரோடு சேர்ந்து 1990-ல் இன்னொரு படி மேலே போனார். ஆஸ்மியம் என்ற உலோகத்தின் அணுக்களை நீண்ட பிளாஸ்டிக் சங்கிலியில் கோத்து, அந்தச் சங்கிலிகளை ஒன்றோடொன்று பின்னி, ஜெல்லி போன்ற ஒரு பசையாக்கி, அதற்குள் நொதியைப் பதித்துவிட்டார்.

வீடு கட்டுமிடத்தில் சித்தாள்கள் வரிசையாக நின்று செங்கல்லைக் கைமாற்றி மேலே அனுப்புவதைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? யாரும் தம் இடத்தை விட்டு நகர்வதில்லை; செங்கல் மட்டும் நகர்ந்து மேலே போய்ச் சேர்கிறது. ஹெல்லரின் பசைக்குள் ஆஸ்மியம் அணுக்கள் அப்படித்தான் நிற்கின்றன. எலெக்ட்ரான் கை மாறிக் கை மாறி மின்முனையை அடைகிறது. மிதக்கும் பரிசல் ஒன்றுமில்லை. ஆகையால் உடம்புக்குள் ஓடிப் போவதும் இல்லை. ஆக்ஸிஜனின் தயவும் வேண்டியதில்லை. "நொதிக்குக் கம்பி இழுத்தல்" என்று விஞ்ஞான உலகம் இதற்குப் பெயர் வைத்தது.

யார் இந்த மனிதர்?

ஆடம் ஹெல்லர் 1933-ம் வருஷம் ருமேனியாவில் க்ளூஜ் நகரத்தில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவர். 1944-ல் அந்நகரத்து யூதர்களில் பெரும்பாலோரை ஆஷ்விட்ஸ் முகாமுக்கு அனுப்பினார்கள். போனவர்களில் மிகப் பெரும்பாலோர் திரும்பவில்லை. தப்பிப் பிழைத்த சிலரில் அந்தப் பதினோரு வயதுச் சிறுவனும் ஒருவன். பின்னர் ஜெருஸலேமிலுள்ள ஹீப்ரு ஸர்வகலாசாலையில் படித்து 1961-ல் டாக்டர் பட்டம் பெற்று, அமெரிக்காவுக்கு வந்தார். 1973-ல், தண்ணீர் மீட்டர் போன்றவற்றில் பல வருஷம் இடைவிடாமல் உழைக்கும் லிதியம் பாட்டரி ஒன்றை உருவாக்கியவர்களில் அவரும் ஒருவர். பிறகு பெல் ஆராய்ச்சிசாலையில் சூரிய ஒளியை மின்சாரமாக்கும் வேலையில் ஈடுபட்டிருந்தார். பாட்டரிக்கும், சூரிய ஒளிக்கும், நீரிழிவுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். மூன்றிலும் நடப்பது ஒன்றேதான்: ஒரு பொருளிலிருந்து கிளம்பும் எலெக்ட்ரானை வழியில் இழக்காமல் கம்பிக்குக் கொண்டு வந்து சேர்ப்பது. அந்த ஒரு வித்தையைக் கெட்டியாகப் பிடித்துக் கொண்டவருக்குப் பல கதவுகள் திறந்தன.

ரஸாயன சாஸ்திரிக்கும் ரஸாயன எஞ்சினீயருக்கும் பேதம் உண்டு. குடுவைக்குள் ஒரு முறை நடந்துவிட்டால் சாஸ்திரிக்குத் திருப்தி. கோடி முறை நடக்க வேண்டும், ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி நடக்க வேண்டும், அதைச் செய்கிறவன் படித்தவனாகவும் இருக்க வேண்டியதில்லை என்பது எஞ்சினீயரின் கவலை. ஹெல்லரின் கட்டுரை 1990-ல் அச்சாகிவிட்டது. ஆனால் 1990-ல் எந்தக் குழந்தையின் விரலிலும் ஒரு குத்துக் கூடக் குறையவில்லை. கட்டுரைக்கும் குழந்தையின் விரலுக்கும் நடுவே இருந்த தூரத்தைக் கடப்பதற்கு ஸர்வகலாசாலை போதவில்லை. பேராசிரியரின் புதல்வர் எப்ரெயிம் ஹெல்லர் வியாபார நிர்வாகம் பயின்றவர். அவர் பெயரிலேயே சிறு கம்பெனி ஒன்று முதலில் ஆரம்பமாயிற்று. 1996-ல் அது தெரஸென்ஸ் என்னும் கம்பெனியாகக் கலிபோர்னியாவில் அலமீடா என்ற ஊரில் வேலை தொடங்கியது. அப்போது தந்தைக்கு வயது அறுபத்து மூன்று. நம் ஊரில் அந்த வயதுக்காரர்கள் பென்ஷன் வாங்கிக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்து பத்திரிகை படிப்பார்கள்!

இலையை எண்ணும் கணக்கு

தோலுக்கு அடியில் வைக்கும் கருவி முற்றுப் பெறுவதற்குப் பல வருஷங்கள் ஆகும் என்பது தெரிந்ததே. அதற்கு முன்னால், குத்திப் பார்க்கும் பட்டையிலேயே வலியைக் குறைக்க முடியுமா என்ற ஆராய்ச்சி நடந்தது. வலி விரல் நுனியில் இருக்கிறது. முன்னங்கையில் குத்தினால் அவ்வளவு வலிக்காது. நரம்பு நுனிகள் அங்கே குறைவு. ஆனால் இரத்தமும் அங்கே குறைவு. அப்போதிருந்த கருவிகளோ பெரிய துளியாகக் கேட்டன. ஆகவே வலியைக் குறைப்பதென்றால் துளியைக் குறைக்க வேண்டும். எஞ்சினீயர் பிரச்னையைப் பிரித்துப் பார்ப்பது இப்படித்தான்.

2000-ம் வருஷத்தில் "ப்ரீஸ்டைல்" என்ற பெயரோடு வெளிவந்த அவர்களுடைய கருவிக்குத் தேவைப்பட்ட இரத்தம் 0.3 மைக்ரோலிட்டர். ஒரு லிட்டரைப் பத்து லட்சம் பங்காகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு மைக்ரோலிட்டர். அதிலும் மூன்றில் ஒரு பாகத்துக்குக் குறைவு. ஒரு கொசு வயிறு நிறையக் குடிக்கும் இரத்தம் இதைப் போலப் பல மடங்கு. கொசுவுக்கும் போதாத துளி இந்தப் பட்டைக்குப் போதியதாயிற்று.

எப்படி? மற்றக் கருவிகள் எலெக்ட்ரான்கள் எவ்வளவு வேகமாக வருகின்றன என்று பார்த்துச் சர்க்கரையை மதிப்பிட்டன. வேகமோ வெயிலுக்கும் குளிருக்கும் மாறும். இந்தக் கருவி வேகத்தைப் பார்க்கவில்லை. மயிரிழையளவு இடைவெளி உள்ள ஒரு சிறு அறைக்குள், விளக்குத் திரி எண்ணெயை உறிஞ்சுவது போல், இரத்தம் தானே ஏறி நிரம்பும். அறையின் கொள்ளளவு முன்கூட்டியே தெரியும். அதிலுள்ள சர்க்கரை முழுவதும் தீரும்வரையில் வெளிப்படும் எலெக்ட்ரான்களை எல்லாம் கணக்கெடுத்துவிடும். கல்யாண வீட்டில் எத்தனை பேர் சாப்பிட்டார்கள் என்று அறிவதற்குப் பாயஸம் எவ்வளவு வேகமாகச் செலவாயிற்று என்று பார்ப்பவனும் உண்டு. பந்தி முடிந்ததும் இலையை எண்ணுகிறவனும் உண்டு. இரண்டாமவன் கணக்குத் தவறாது.

இதைக் கணித ஆசிரியரின் ஆசையோடு நானும் ஒரு தடவை போட்டுப் பார்த்தேன். இரத்தத்தில் டெஸிலிட்டருக்கு 100 மில்லிகிராம் சர்க்கரை இருக்கிறதென்று வைத்துக் கொள்வோம். 0.3 மைக்ரோலிட்டரில் இருப்பது 0.3 மைக்ரோகிராம் சர்க்கரை. ஒவ்வொரு மூலக்கூறும் இரண்டு எலெக்ட்ரான்கள் தருமானால், மொத்தம் ஏறக்குறைய இருபது கோடி கோடி எலெக்ட்ரான்கள்! அளப்பதற்குத் துளி சிறிதே தவிர, எண்ணுவதற்கு அதில் ஏராளமாக இருக்கிறது.

குறைகளும் இல்லாமல் இல்லை. சாப்பிட்டவுடனோ, சர்க்கரை வேகமாக இறங்கும்போதோ முன்னங்கை இரத்தம் விரல் இரத்தத்துக்குச் சற்றுப் பின்தங்கியே செய்தி சொல்லும். மயக்கம் வருவது போலிருந்தால் விரலில்தான் பார்க்க வேண்டும். வேறொரு விஷயம் இன்னும் கடுமையானது. இந்தப் பட்டையிலும், வேறு சில கம்பெனிகளின் பட்டைகளிலும் அந்நாளில் இருந்தது நாம் மேலே பார்த்த பூசண நொதி அன்று; வேறொரு நொதி. அதன் நாக்கு மால்டோஸ் என்ற சர்க்கரையையும் குளுக்கோஸ் என்று நம்பிவிடும். வயிற்றின் வழியாக டயாலிஸிஸ் செய்து கொள்பவர்களில் சிலருக்கு ஏற்றும் திரவத்தால் மால்டோஸ் இரத்தத்தில் சேரும். இல்லாத சர்க்கரையை இருப்பதாகக் கருவி காட்ட, அதை நம்பி இன்ஸுலின் போட்டதால் ஆபத்து நேர்ந்தது. இந்த வகை நொதி உள்ள பட்டைகள் சம்பந்தமாக 1997 முதல் 2009 வரையில் 13 மரணங்கள் தெரிய வந்ததாக அமெரிக்க அரசாங்கத்தின் மருந்துப் பரிசோதனை இலாகா 2009-ல் எச்சரித்தது. கருவியைச் செய்து விற்பதோடு ஒருவன் பொறுப்புத் தீர்ந்துவிடாது என்பதற்கு இது சாட்சி.

முதலில் கனவு கண்ட கம்பி இழுத்த நொதியும் கடைசியில் வந்து சேர்ந்தது. 2008-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற "நாவிகேட்டர்" என்ற கருவியிலும், 2014-ல் ஐரோப்பாவில் வெளிவந்த "லிப்ரே" என்ற கருவியிலும் ஹெல்லரின் ஆஸ்மியம் பசைதான் வேலை செய்கிறது. லிப்ரே ஒரு ரூபாய் நாணயத்தை விடச் சற்றுப் பெரிய வில்லை. மேற்கையின் பின்புறத்தில் ஒட்டிக்கொண்டால், அதன் அடியிலுள்ள மெல்லிய இழை தோலுக்கு அடியில் 14 நாள் இருந்து, இரவும் பகலும் சர்க்கரையை அளந்து கொண்டே இருக்கும். இப்போது தாயார் குழந்தையை எழுப்ப வேண்டியதில்லை. போர்வையின் மேலேயே கருவியைக் காட்டிவிட்டுப் போகலாம்.

ஒரு டாலரும் நூற்றிருபது கோடி டாலரும்

2004-ல் அபட் என்னும் பெரிய மருந்துக் கம்பெனி தெரஸென்ஸை ஏறக்குறைய 120 கோடி டாலருக்கு விலைக்கு வாங்கிக் கொண்டது. ஹெல்லருக்கு 2007-ம் ஆண்டுக்குரிய அமெரிக்கத் தேசீயத் தொழில்நுட்பப் பதக்கமும் கிடைத்தது. அதன் பிறகும் அவர் ஓயவில்லை. பார்க்கின்ஸன் வியாதிக்காரர்களுக்கு வாய்க்குள்ளேயே இடைவிடாமல் மருந்து சுரந்து கொண்டிருக்கும்படி செய்வதற்காகத் தந்தையும் மகனும் வேறொரு கம்பெனியும் தொடங்கினார்கள். இவற்றுக்கு நடுவில் 2003-ல், நிக்கோலா மானோ முதலிய சகாக்களோடு சேர்ந்து, மயிரை விட மெல்லிய இரண்டு கரி இழைகளைத் திராட்சைப் பழத்துக்குள் செருகி, பழத்தின் சர்க்கரையிலிருந்தே சுமார் அரை வோல்ட் மின்சாரம் எடுத்துக் காட்டினார். எழுபதாவது வயதில் திராட்சையோடு விளையாடத் தெரிந்த மனிதரைக் கண்டால் எனக்கு மரியாதை உண்டாகிறது.

ஆனால் 120 கோடி டாலர் என்று கேட்டதும் வாசகர்களில் சிலருக்கு நெற்றி சுருங்கியிருக்கும். இன்ஸுலின் கதையை அவர்கள் நினைத்துக் கொண்டிருப்பார்கள். கானடாவில் டொரொன்டோ நகரத்தில் 1921-ல் இன்ஸுலினைக் கண்டுபிடித்த பாண்டிங்கும் அவர் கூட்டாளிகளும், 1923-ல் அதன் உரிமையை ஆளுக்கு ஒரு டாலர் பெற்றுக் கொண்டு ஸர்வகலாசாலைக்கே கொடுத்துவிட்டார்கள். அந்தத் தர்மம் எங்கே, இந்த வியாபாரம் எங்கே என்று கேட்பது நியாயமே. எனக்கும் பாண்டிங்கிடம்தான் மனம் போகிறது.

என்றாலும் உண்மையைப் பார்க்க வேண்டும். ஒரு டாலருக்குக் கொடுக்கப்பட்ட இன்ஸுலின், நூறு வருஷத்துக்குப் பின் அதே வட அமெரிக்காவில் விலையேறி, பணமில்லாதவர்கள் மருந்தின் அளவைக் குறைத்துக் கொள்ளும் நிலைமை வந்தது. முதியோர் காப்புறுதித் திட்டத்தில் உள்ளவர்களுக்கு மாதம் 35 டாலருக்கு மேல் வாங்கக் கூடாதென்று 2022-ல் அமெரிக்க அரசாங்கம் சட்டம் கொண்டு வர வேண்டியிருந்தது. கண்டுபிடித்தவர் தர்மவானாக இருந்ததனால் மட்டும் மருந்து ஏழையின் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிடவில்லை. மறுபுறம், கம்பெனி ஒன்று இல்லாதிருந்தால் ஹெல்லரின் பசை ஒரு புஸ்தகசாலை அலமாரியில் நல்ல கட்டுரையாகத் தூங்கிக் கொண்டிருக்கும். கம்பெனி அதைக் கடை வாசல் வரையில் கொண்டு வந்தது. கடை வாசலிலிருந்து ஏழை வீட்டு வாசலுக்கு அதைக் கொண்டு போவது கம்பெனியின் வேலை அன்று. அது ஜன சமூகத்தின் வேலை, சர்க்காரின் வேலை. இங்கிலாந்தில் அப்படித்தான் செய்தார்கள். முதல் வகை நீரிழிவு உள்ள குழந்தைகளுக்கும் பெரியவர்களுக்கும் இத்தகைய கருவியைத் தர வேண்டும் என்று 2022-ல் அங்குள்ள மருத்துவ நிர்ணய ஸ்தாபனம் விதித்தது. அதற்கான செலவைப் பொதுப் பணமே தாங்குகிறது.

நம் தேசத்து நிலைமை என்ன? 2023-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்ஸிலின் ஆய்வுப்படி இந்தியாவில் நீரிழிவு உள்ளவர்கள் சுமார் 10.1 கோடிப் பேர். பதினான்கு நாளைக்கு ஒரு வில்லை என்றால் வருஷத்துக்கு இருபத்தாறு வில்லைகள் வேண்டும். ஒவ்வொன்றும் சில ஆயிரம் ரூபாய். குமாஸ்தா வேலையிலுள்ள ஒருவர் தம் குழந்தைக்காக இதை எத்தனை வருஷம் வாங்க முடியும்? குழந்தையின் வலியும் நரம்பும் கண்ணும் பணக்கார வீட்டில் ஒரு மாதிரியாகவும், ஏழை வீட்டில் ஒரு மாதிரியாகவும் இருப்பதில்லையே!

ஆகவே இந்தச் சரித்திரத்திலிருந்து நம்முடைய எஞ்சினீயரிங் கல்லூரிகளுக்கு ஒரு வேலை காத்திருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. நொதிக்குக் கம்பி இழுப்பது எப்படி என்று ஹெல்லர் காட்டிவிட்டார். அதை இருபதில் ஒரு பங்கு விலைக்குச் செய்வது எப்படி என்று இன்னும் ஒருவர் காட்ட வேண்டும். அதுவும் ரஸாயன எஞ்சினீயரின் வேலைதான். முதல் வேலையை விடக் குறைந்த வேலை அன்று. உங்கள் வீட்டுப் பையனோ பெண்ணோ இந்தப் படிப்பை எடுத்துக்கொண்டு, "இதில் என்ன இருக்கிறது, சோப்பும் உரமும் செய்யத்தானே" என்று சலித்துக் கொண்டால், இந்தப் பக்கத்தை அவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள். வீட்டில் வியாதிக்காரர் யாராவது இருந்தால், பட்டையாயினும் வில்லையாயினும், கையில் உள்ள கருவியைக் கொண்டு தவறாமல் அளந்து, அந்தக் கணக்கை ஒரு நோட்டுப் புஸ்தகத்தில் குறித்து வைத்து வைத்தியரிடம் காட்டச் சொல்லுங்கள். அளந்ததைக் குறிக்காமல் விட்டால் எத்தனை கோடி எலெக்ட்ரான்களை எண்ணியும் பயனில்லை.